நாமே கழற்றி எடுக்கும் காயலான் கடை: முதல் தடவை போகிறேன், கொஞ்சம் வழி சொல்லுங்கள்

மேட்ரிக்ஸ்காரன்:

என்னுடையது 2005 டொயோட்டா மேட்ரிக்ஸ். போன வாரம் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கினேன். கதவுக்குள் டொக் என்று ஒரு சத்தம், கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்ளே போய்விட்டது. இப்போது குப்பைப் பையை டேப் போட்டு ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் வேகம் எடுத்தால் வண்டிக்குள் புறாக்கூட்டம் பறக்கிற மாதிரி படபடக்கிறது. சுவிட்சை அழுத்தினால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, கண்ணாடி மட்டும் அசையவில்லை. ரெகுலேட்டர், அதாவது கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பு, போய்விட்டது என்றார் மெக்கானிக். அவர் கூலி சொன்னதும் "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை, நாமே ஸ்பேனர் கொண்டு போய்க் கழற்றிக்கொள்ளும் யார்டு ஒன்றுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அவர்கள் இணையப் பட்டியலில் மேட்ரிக்ஸ் ஒன்றுகூட இல்லை. கொரோலா நிறைய இருக்கிறது. பொருந்துமா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் இதுவரை கழற்றியதில் பெரியது வைப்பர் பிளேடுதான்.

பத்தாம்_நம்பர்:

கொரோலா வரிசையை விடுங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் வண்டிகள் நிற்கும் வரிசைக்குப் போய் 'வைப்' என்ற மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். டொயோட்டாவும் அவர்களும் சேர்ந்து செய்த வண்டி அது. 2003 முதல் 2008 மாடல் வரை மேட்ரிக்ஸும் வைப்பும் இரட்டைப் பிள்ளைகள். வெளித்தோற்றம்தான் வேறு, அதனால் பம்பர், முன்விளக்கு எல்லாம் மாற்றிப் போட முடியாது. பான்டியாக் என்ற பெயரையே 2010இல் இழுத்து மூடிவிட்டார்கள். டொயோட்டா வைத்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு அந்த வரிசைப் பக்கம் போகவே தோன்றாது. நமக்கு அதுதான் வசதி. என் மேட்ரிக்ஸின் ரெகுலேட்டர் ஒரு சிவப்பு வைப்பிலிருந்து வந்ததுதான்.

யார்டில் முதலில் வண்டியைப் படியுங்கள், பொருள் அப்புறம். இது ஏன் இங்கே வந்தது? பின்னால் இடி வாங்கிய வண்டி என்றால் முன்கதவுகள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். எஞ்சின் செத்து வந்த வண்டி இன்னும் நல்லது. ஓட்டுநர் இருக்கை நைந்து, ஸ்டீயரிங் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் அந்தக் கண்ணாடியும் ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கியிருக்கும். கையால் சுற்றும் கண்ணாடி உள்ள மாடலும் கலந்து கிடக்கலாம், கதவைத் திறந்ததும் அதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, பலர் கோட்டை விடும் இடம். யார்டுக்கு வந்ததும் பேட்டரியையும் எண்ணெய் வகைகளையும் எடுத்துவிடுவார்கள். அதனால் கண்ணாடி எந்த உயரத்தில் நின்றதோ அங்கேயேதான் நிற்கும். கண்ணாடியை ரெகுலேட்டரோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் கதவின் ஓட்டைக்கு நேரே வந்தால்தான் சாக்கெட் ஸ்பேனர் உள்ளே போகும். முழுக்க ஏறி நின்றால் சிரமம். டிரில் பேட்டரி 12 வோல்ட் ஒன்றும் இரண்டு துண்டு ஒயரும் கொண்டு போங்கள். மோட்டாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, இரண்டு முனை உள்ள மோட்டார் என்றால் பேட்டரி ஒயரால் நேராகத் தொட்டால் ஓடும். எதிர்த்திசைக்கு ஒயரை மாற்றித் தொடுங்கள். காசு கொடுக்குமுன் மோட்டார் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனையும் அதிலேயே முடிந்துவிடும். போல்ட்டுகள் நேரே வந்ததும், அவற்றைக் கழற்றுமுன் கண்ணாடியை டேப் போட்டு மேல் சட்டத்தோடு கட்டிவையுங்கள், கையில் விழ வேண்டாம்.

இன்னொன்று. பழையதை வீட்டில் கழற்றி மாதிரிக்குக் கொண்டு போ என்று சொல்வார்கள். அனுபவம் உள்ளவர்களுக்கு அது சரி. உங்களுக்கு வேண்டாம். யார்டு வண்டியின் எதிர்ப்பக்கக் கதவின் உள் மூடியை (பேனல்) முதலில் பிரியுங்கள். பெரும்பாலும் திறக்கும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ, கை வைக்கும் குழிக்குள் ஒன்று, மீதி எல்லாம் ஓரத்துக் கிளிப். எந்த இடத்தில் இழுத்தால் வரும், எந்த இடத்தில் உடையும் என்பது உடைத்தால்தான் தெரியும். உங்கள் கதவில் உடைய வேண்டிய நாலு கிளிப்பை அங்கேயே உடைத்துவிட்டு வாருங்கள். நல்ல கிளிப்புகளை எடுக்கவும் மறக்காதீர்கள்.

ரெகுலேட்டர் கத்தரி மாதிரி மடங்கும் வகையாக இருந்தால் மோட்டாரைத் தனியாகப் பிரிக்காதீர்கள். ஸ்பிரிங் இழுவையில் கை சிக்கும். சேர்த்தே எடுங்கள்.

கிரீஸ்_கை:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் சேர்ப்பது: தடித்த கையுறை, அடி கனமான ஷூ (செருப்பு வேண்டாம்), தண்ணீர். தரையெல்லாம் கண்ணாடித் தூள். வண்டிகளை வீல் ரிம்மை வெல்டு பண்ணிய தாங்கியின் மேல் உட்கார வைத்திருப்பார்கள், என்ன ஆனாலும் அடியில் நுழையாதீர்கள். மஞ்சள் பிளக் ஒயர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக், அப்படியே விட்டுவிடுங்கள். கதவைத் திறக்குமுன் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், எனக்குக் குளவிக் கூடு கிடைத்திருக்கிறது.

நிதானம்:

இருபது வருஷத்துப் பழைய ரெகுலேட்டரை எடுத்து, இருபது வருஷத்து வண்டியில் போடுவதா? அதே பிளாஸ்டிக், அதே தேய்மானம். புதியதாக வாங்கி ஒரே தடவையில் முடியுங்கள். கதவை இரண்டு முறை பிரிக்க யாருக்கு நேரம்?

பத்தாம்_நம்பர்:

நிதானம் சொல்வதில் பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். பிரேக் பேட், ரப்பர் குழாய், டைமிங் பெல்ட், சீட் பெல்ட் எதையும் நான் யார்டிலிருந்து எடுத்ததே இல்லை. ஆனால் மலிவான புது ரெகுலேட்டர் ஒன்று எனக்கு எட்டே மாதத்தில் அறுந்தது. தொழிற்சாலையில் போட்ட பழையது இன்னும் ஓடுகிறது. என் கணக்கு அவ்வளவுதான்.

மேட்ரிக்ஸ்காரன்:

போய் வந்துவிட்டேன். பின்பக்கம் நசுங்கிய வெள்ளி நிற வைப் ஒன்று, கண்ணாடி பாதி இறங்கிய நிலையில், எனக்காகவே காத்திருந்த மாதிரி. முதல் கதவு ஒன்றரை மணி நேரம், ஆறு கிளிப் காலி. ஓட்டுநர் பக்கம் நாற்பது நிமிடம், ஒரே ஒரு கிளிப். குளவி இல்லை, ஆனால் கதவுக்குள் யாரோ விட்டுப்போன ஸ்க்ரூடிரைவர் கிடந்தது. கவுன்டரில் ஒப்படைத்தேன், அவர்கள் சிரித்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் பூட்டிப் பார்த்தேன், கண்ணாடி ஏறி இறங்குகிறது. பேனலை மூடிய பிறகுதான் உள்ளிருந்து கதவைத் திறக்க முடியவில்லை என்று தெரிந்தது. கைப்பிடிக் கம்பியை மாட்ட மறந்திருக்கிறேன். மறுபடி பிரித்தேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த வைப்பில் பின் வைப்பர் மோட்டாரும் இருக்கிறது. என்னுடையது மெதுவாகத்தான் சுற்றுகிறது. அடுத்த சனிக்கிழமை அதையும் எடுத்துவிடவா?

பத்தாம்_நம்பர்:

பின்பக்கம் நசுங்கிய வண்டி என்றல்லவா சொன்னீர்கள்?