இரண்டு நிமிட மௌனத்தில் யாரை நினைப்பது?

கேள்வி:
நவம்பர் 11 காலை 11 மணிக்கு மௌனமாக நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தடுமாற்றம் வருகிறது. 1918-ல் அந்த நேரத்தில்தான் முதல் உலகப்போரின் மேற்கு முனையில் (பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம்) சண்டை நின்றது, சரி. ஆனால் அந்தப் போரில் சண்டையிட்டவர்களில் இன்று ஒருவர்கூட உயிரோடு இல்லை, உக்ரைனிலோ இப்போதும் இருபது வயதுப் பையன்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். 'போர் வீரர்கள்' என்று மொத்தமாக நினைத்தால் மனதில் எதுவும் நிற்க மாட்டேன் என்கிறது. நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

பதில் 1:
ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு உலகப்போர்களிலும் இறந்த காமன்வெல்த் நாட்டுப் படையினர் சுமார் 17 லட்சம் பேரின் விவரம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடலாம். படைப்பிரிவு, இறந்த தேதி, சிலருக்கு வயதும் பெற்றோர் பெயரும்கூட இருக்கும். போன முறை எனக்குக் கிடைத்தது 19 வயதுப் பையன். அம்மா பெயரும் போட்டிருந்தது. இரண்டு நிமிடமும் அந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

பதில் 2:
நல்ல யோசனை. ஆனால் பட்டியலில் பெயரே இல்லாதவர்களை விட்டுவிடாதீர்கள். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் பேரரசுக்காக உயிர்விட்டவர்களில் குறைந்தது 1,16,000 பேருக்கு, பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும், பெயர் சொல்லும் நினைவுச்சின்னம் கிடையாது, பலருக்கு எதுவுமே கிடையாது. இதற்காக அதே ஆணையம் 2021-ல் மன்னிப்புக் கேட்டது. கைமறதியாக விட்டுப்போனதில்லை இது, இவர்களுக்கெல்லாம் தனித்தனிக் கல் எதற்கு என்று அன்றைய அதிகாரிகள் எண்ணியதன் விளைவு. படித்த நாளிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை, நான் அவர்களுக்காகத்தான் நிற்கிறேன்.

பதில் 3:
பெல்ஜியத்தில் ஈப்பர் நகரத்து மெனின் வாயில் என்ற முதல் உலகப்போர் நினைவுச்சின்னத்தில், கல்லறை எதுவென்று தெரியாத 54,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். தினமும் இரவு 8 மணிக்கு அங்கே பியூகிள் ஊதுவார்கள். இத்தனை வருடம் கழித்தும் வயலைத் தோண்டும்போது எலும்புகள் கிடைக்கின்றன. இன்னார் என்று உறுதியாகி ஒருவருக்குத் தனிக் கல்லறை அமைந்தால், அவர் பெயரைச் சுவரிலிருந்து எடுத்துவிடுவார்களாம். இன்றைய போர்களில் காணாமல்போனவர்களின் வீட்டில் டிஎன்ஏ மாதிரி கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்களே, அவர்கள் கேட்பதும் அந்த உறுதியைத்தான். நான் முதலில் நினைப்பது அவர்களை.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் தேடிப் பார்த்தேன், என் வயதுக்காரர் ஒருவர் கிடைத்தார். பெயரை எழுதி வைத்துக்கொண்டேன்.