அமெரிக்காவில் சப்ரஸர் (துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் குழாய்) தள்ளுபடி: எங்கே சிக்கியது? உங்கள் மாநிலத்தைப் போட்டு அனுபவம் எழுதுங்க

டெக்சாஸ்

2025 டிசம்பர் சலுகை. ரசீது தேதியிலிருந்து 30 நாளுக்குள் பெட்டியில் இருக்கும் பார்கோடை வெட்டி, ரசீதோடு தபாலில் அனுப்பினால் பணம் திரும்ப வரும். ஆனால் பெட்டி கடையின் பெட்டகத்தில் இருக்கிறது. ஃபார்ம் 4 (சப்ரஸரை வாங்குபவர் பெயருக்கு மாற்றக் கூட்டாட்சி அரசிடம் போடும் விண்ணப்பம்) ஒப்புதலாகும்வரை சப்ரஸரைக் கொடுக்க முடியாது. சரி, அட்டையிலிருந்து பார்கோடை மட்டுமாவது வெட்டித் தாருங்கள் என்று கேட்டால், "பெட்டியைக் கிழிச்சா அப்புறம் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்கிறார் கவுன்டரில் இருப்பவர். அவர் கையில் கத்தரிக்கோல் இருந்தது. ஒப்புதல் வந்தபோது கெடு முடிந்துவிட்டது.

அரிசோனா

கடைக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை. சலுகை விதியை எழுதியது தயாரிப்பாளர். கெடுவை ரசீது தேதியிலிருந்து எண்ணாமல் ஒப்புதல் தேதியிலிருந்து எண்ணியிருக்க வேண்டும்.

இங்கே நடந்தது வேறு. "இப்போ வாங்குங்க, ஜனவரி 1-க்கு அப்புறம் வரி பூஜ்யம்" என்று விற்றார்கள். பூஜ்யமானது உண்மைதான், ஃபார்ம் 4-க்குக் கட்டிவந்த 200 டாலர் ஸ்டாம்ப் வரி 2026 ஜனவரி 1 முதல் சப்ரஸருக்கு இல்லை. ஆனால் சீரியல் எண் இல்லாமல் ஃபார்ம் 4 போட முடியாது. சரக்கு முதலில் ஃபார்ம் 3 (டீலருக்கு டீலர் மாற்றும் படிவம்) மூலம் உள்ளூர் டீலருக்கு வந்து சேர வேண்டும். கையில் இல்லாத சரக்கை விற்றுவிட்டு, "எப்போ ஃபைல் பண்ணுவீங்க?" என்ற கேள்விக்கு ஒரு மின்னஞ்சல்கூடப் போடவில்லை. இன்னொரு கடையில் இதற்கு நேரெதிர்: ஜனவரி வரை நிறுத்தி வைக்கச் சொல்லியும் டிசம்பரிலேயே ஃபைல் செய்துவிட்டார்கள், 200 டாலர் போயிற்று.  ஒப்புதலுக்கு முன் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினால் வரி திரும்பும், அதை யாரும் சொல்லவில்லை.

ஜார்ஜியா

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் (பழைய வரிக் காலத்தில்). இரண்டு சீரியல், இரண்டு ஃபார்ம் 4, இரண்டு 200 டாலர். அந்த "இலவச" .22 சப்ரஸரின் விலையே ஸ்டாம்ப் வரியைவிட அதிகமில்லை!

கூடவே இலவச மவுண்ட் (சப்ரஸரைத் துப்பாக்கியில் மாட்டும் இணைப்பு). மவுண்டுக்கு ஸ்டாம்ப் தேவையே இல்லை, நேராக வீட்டுக்கே அனுப்பலாம். அதையும் சப்ரஸரோடு கட்டிவைத்துத் தாமதப்படுத்தினார்கள். கடைசியில் வந்தது 5/8x24 மரை (திருகு அளவு). ஏஆர்-15 ரைஃபிளின் 5.56 மி.மீ. பேரலில் வழக்கமாக 1/2x28. ஆர்டரில் ரைஃபிள் விவரம் கேட்டு வாங்கிக்கொண்டே இந்தத் தப்பு.

வட கரோலினா

கேட்காமலே சொல்கிறேன், அடுத்த சலுகைக்கு முன் இதைப் படியுங்கள். டீலரிடம் சரக்கு இருக்கிறதா, சீரியல் எண் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் கட்டும் முன்பே கைரேகையை மின்கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், 2x2 அங்குலப் படமும். டிரஸ்ட் (பல பேர் சேர்ந்து வைத்திருக்க உதவும் சட்ட ஏற்பாடு) பெயரில் என்றால் பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கைரேகை, தனிப் படம், தனிப் படிவம். ஒருவர் தாமதித்தால் மொத்தமும் நிற்கும். சலுகையோடு வரும் இலவச டிரஸ்ட் பல நேரம் ஒரே பொருளுக்கானது, அடுத்ததற்குப் புதிதாக எழுத வேண்டும். பின்பக்க மரை 1.375x24 என்றால் வேறு கம்பெனி மவுண்டும் பொருந்தும். அப்போது இலவச மவுண்டுக்காக ஏங்க வேண்டாம். .30 அளவு சப்ரஸரில் 5.56 சுடலாம், 5.56 அளவில் அதைவிடப் பெரிய .308 சுட்டால் உள்ளே இருக்கும் பேஃபிள் (தடுப்புத் தகடு) உடையும். மலிவாக இருக்கிறதென்று சின்ன அளவை எடுக்காதீர்கள்.

கலிபோர்னியா, நியூ ஜெர்சி நண்பர்களே, உங்கள் மாநிலத்தில் தடை. எச்-1பியில் இருப்பவர்கள் முன்பணமே கட்டாதீர்கள்: கூட்டாட்சிச் சட்டத்தில் சப்ரஸரும் துப்பாக்கிதான், வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் அந்த விசாவில் வைத்திருக்கக் கூடாது. கிரீன் கார்டுக்கு அந்தத் தடை இல்லை.

டெக்சாஸ்

அரிசோனாவுக்கு: விதி தயாரிப்பாளருடையதாகவே இருக்கட்டும். சலுகை போஸ்டரைக் கவுன்டரில் ஒட்டி விற்றது கடைதானே? பார்கோடைப் படம் எடுத்து அனுப்பினால் ஏற்பார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.