7 மாதத்தில் 6 கிலோ இருக்கும் ‘டாய் பாம்’: சாப்பாடு, மொட்டை, இருமல்

கேள்வி: வெள்ளை ஆண் நாய்க்குட்டி, 7 மாதம். டாய் பொமரேனியன் (‘டாய் பாம்’ என்கிற குட்டி இனம்) என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இப்போதே 6 கிலோ. சாப்பாட்டைக் குறைத்தால் 3 கிலோவுக்கு வருமா? சென்னை வெயிலுக்கு மொட்டை அடிக்கலாமா? கழுத்துப் பட்டையை இழுத்தால் வாத்து கத்துவது மாதிரி இருமுகிறது.

பதில் 1: குறைக்காதீங்க சார். பொமரேனியன் முழு வளர்ச்சியிலேயே 1.4 முதல் 3.2 கிலோதான். உங்களுடையது அநேகமாக இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு இனம். நம்மூரில் ‘பாம்’ என்ற பெயரில் நிறைய விற்பது அதுதான். அதில் சின்ன வகையே 5–7 கிலோ வரும். பட்டினி போட்டால் எலும்புதான் கெடும், இனம் மாறாது. முடி அடர்த்தியில் கண் ஏமாறும், அதனால் விலாவைத் தடவிப் பாருங்கள். லேசாகத் தொட்டதும் எலும்பு விரலில் தட்டுப்பட்டால் எடை சரி. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு.

பதில் 2: மொட்டை வேண்டவே வேண்டாம். இதற்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமான முரட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரி. மெஷின் போட்டால் பஞ்சுதான் முதலில் முந்திக்கொண்டு வளரும். மேல்முடி வர மாதக்கணக்காகும், சிலதுக்குத் திட்டுத்திட்டாக வழுக்கையே நின்றுவிடும். நாய் உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் தணிக்கும். முடியை எடுத்துவிட்டால் வெயில் நேராகத் தோலைச் சுடும், அவ்வளவே மிச்சம்.

வாரம் மூன்று நாள் சீவினால் போதும். முதலில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த முடி ஒடியும். ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் ஒரு கோடாகத் தெரியும் இடத்திலிருந்து அடுக்கடுக்காகச் சீவுங்கள். மேலோட்டமாகச் சீவினால் பளபளவென்று இருக்கும், அடியில் சிக்கு கட்டும். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும்தான் முதல் சிக்கு. குளிப்பாட்டினால் அடிமுடி வரை உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் புண் வரும். கத்தரி போட வேண்டியது பாதத்துக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் மட்டும்.

பதில் 3: இருமலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் சின்ன இனங்களில் சிலவற்றுக்குத் தளர்ந்து, குழாய் தட்டையாகும். பட்டை இழுபடும்போதும், குஷியில் குதிக்கும்போதும் அந்த வாத்துச் சத்தம் வரும். இன்றே நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸுக்கு மாறுங்கள். ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகை ஆகாது. மனுஷ இருமல் சிரப் கொடுக்காதீங்க. டாக்டர் கேட்டால் காட்ட இருமும்போது வீடியோ எடுத்து வையுங்கள். நாக்கு நீலம் பாய்ந்தால் அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

அப்படியே வாயையும் பாருங்கள். கோரைப்பல் இடத்தில் இரண்டு பல் ஒட்டி நின்றால் ஒன்று விழாத பால்பல், பிடுங்கச் சொல்வார்கள்.

கேள்வி கேட்டவர்: முதுகில் ஒரு கோடு ஏற்கெனவே மெஷின் போட்டாச்சே!

பதில் 2: சமப்படுத்துகிறேன் என்று மீதியிலும் கை வைக்காதீங்க. அப்படியே விட்டுச் சீவி வாருங்கள், உச்சி வெயிலில் விடாதீர்கள். ஒரு வருஷமாகியும் முளைக்காமல், உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொட்டினால் தைராய்டு ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.