'இஃப்' வந்தால் 'வில்' எங்கே போகும்?

வணக்கம் நண்பர்களே. காட்பாடியில் இருந்து எழுதுகிறேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை. போன வாரம் ஒரு வாடிக்கையாளருக்கு, 'இஃப் யூ வில் கன்ஃபர்ம் டுடே, வி வில் ஷிப் ஆன் மண்டே' என்று மெயில் எழுதினேன். மேலாளர் முதல் 'வில்'லை அடித்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான்பா" என்கிறார்.

தேடிப் படித்ததில் இவ்வளவு புரிந்தது: நடக்கக்கூடியதைச் சொன்னால் 'இஃப்' பகுதியில் நிகழ்காலம், மற்றதில் 'வில்'. சரி. நடக்காமல் போனதற்கு வருந்துவதும் சுலபம்தான். 'மழை பெய்திருந்தால் பாலாற்றில் தண்ணீர் வந்திருக்கும்' என்பதை 'இஃப் இட் ஹேட் ரெயின்ட், தி பாலார் வுட் ஹேவ் ஃப்ளோட்' என்று சொல்லிவிடலாம். (எங்கள் ஊரில் அடிக்கடி தேவைப்படும் வாக்கியம்!)

நடுவில் இருப்பதுதான் உதைக்கிறது. 'இஃப் ஐ ஹேட் எ கார், ஐ வுட் டிரைவ் டு ஒர்க்.' தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற எனக்குக் கார் இல்லாதது இன்றைய நிலைமை. அப்புறம் எதற்கு இறந்தகால 'ஹேட்'? நம் 'வந்தால்' கூட 'வந்த்' என்ற இறந்தகால அடியில் பிறந்ததுதானே, அதுபோலவா?

இன்னொன்று. விலை பேசும்போது 'இஃப் யூ ஆர்டர் மோர், வி வில் ரெட்யூஸ்' என்று எழுதுவதா, 'இஃப் யூ ஆர்டர்ட் மோர், வி வுட் ரெட்யூஸ்' என்று எழுதுவதா? தமிழில் இரண்டுக்கும் 'வாங்கினால்' போதும். வாங்குகிறவருக்கு இரண்டும் வேறு மாதிரிக் கேட்குமா? தெரிந்தவர்கள் தமிழிலேயே விளக்கினால் புண்ணியமாகப் போகும். நாளை மறுநாள் அடுத்த மெயில் போகவேண்டும்.