பழங்குடி மக்களுக்குத் தனி மருத்துவ ஏற்பாடு வேண்டுமா?

பாம்பன்காரன்:
நியூசிலாந்தில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கென்று 2022 ஜூலையில் ஒரு தனிச் சுகாதார ஆணையம் தொடங்கினார்கள், ஆட்சி மாறியதும் 2024 ஜூனோடு மூடிவிட்டார்கள். இனத்தைப் பார்க்க வேண்டாம், தேவையைப் பார்ப்போம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே குடல் புற்றுநோய்ப் பரிசோதனை எல்லாருக்கும் 60 வயதில் ஆரம்பம் என்று வைத்திருந்தார்கள், அந்த நோய் வரும் மாவோரிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு 60க்கு முன்பே வந்துவிடுகிறது. ஒரே விதி, அடி வாங்கியது யார்? நம்ம ஊரிலும் தனி ஏற்பாடு வேண்டும் என்பதுதான் என் கட்சி.

தொண்டி பெரியவர்:
தம்பி, சுகாதார ஆய்வாளராக 31 வருஷம் இந்தக் கடற்கரையில் சைக்கிளில் அலைந்தவன் நான். தனி என்று ஒன்று வைத்தால் பணம் கடைசியில்தான் வரும், ஆள் போட மாட்டார்கள், அப்புறம் பொது ஆஸ்பத்திரிக்குப் போனால் 'உங்களுக்குத்தான் தனியாக இருக்கிறதே, அங்கே போ' என்பார்கள். ஆஸ்திரேலியாவில் 2008 முதல் திட்டம் போட்டும் பூர்வகுடிகளின் ஆயுள் மற்றவர்களைவிட இன்னும் 8 வருஷம் குறைவு. ராமநாதபுரத்துக்கே 2022ல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே காலியிடம் இல்லாமல் நிரப்பச் சொல்லுங்கள், எல்லாருக்கும் நல்லது.

பாம்பன்காரன்:
ஐயா, அந்த 8 வருஷத்தைத் தனி ஏற்பாட்டின் தலையில் கட்டாதீர்கள். நிலத்தைப் பிடுங்கியது, பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்தது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. சிட்னியின் ரெட்ஃபெர்னில் 1971ல் பூர்வகுடிகள் தாங்களே ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார்கள், இன்று அப்படி 140க்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் அரசுப் பணம், நடத்துவது அவர்கள்.

இங்கே சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலை, பழங்குடிப் பகுதி என்றால் 3,000. நல்ல விதி. ஆனால் ராமேஸ்வரத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவர் குடும்பத்தை எந்தப் பகுதியில் சேர்ப்பது? 2023ல்தான் அவர்கள் பழங்குடிப் பட்டியலுக்கே வந்தார்கள். சான்றிதழ் இருந்தால் படிப்புக்கு இடம் கிடைக்கும், ஓ.பி. வரிசையில் பக்கத்து ஆள் தள்ளி நிற்பது மாறாது.

மண்டபம் செவிலியர்:
நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நரிக்குறவர் பெண் ஒருத்தி எட்டு மாத வயிற்றோடு வந்தாள். முகவரி கேட்டதற்கு பஸ் ஸ்டாண்டு என்றாள். 'சரியான விலாசத்தோடு வா' என்று பதிவு செய்கிறவர் அனுப்பிவிட்டார். நான் ஊசி போடும் அறையில் இருந்தேன், விஷயம் தெரிந்து வெளியே ஓடி வந்தபோது அவள் இல்லை. மறுபடி வரவே இல்லை. ஐயா, அன்று டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது, ஒரு பணியிடமும் காலி இல்லை. அவர்கள் பாஷையான வாக்ரிபோலி பேசத் தெரிந்த ஒரு ஆள் அங்கே உட்கார்ந்திருந்தால் அவள் போயிருப்பாளா என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தர்மபுரி பக்கம் சிட்லிங்கியில் மலைக்கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நர்ஸ் வேலை பார்க்க வைத்திருக்கிறார்கள், இங்கே ஏன் முடியாது?

தொண்டி பெரியவர்:
அந்தப் பெண்ணை அனுப்பியது பெரிய தப்பு, அம்மா. எந்தக் கர்ப்பிணியையும் விலாசம் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. அவர்கள் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கட்டும், தினக்கூலிக்கு இல்லை, நிரந்தரச் சம்பளத்துக்கு. ஆனால் பொது ஆஸ்பத்திரிக்குள்ளேயே. பட்டியலை வைத்துப் பிரித்தால் பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடலில் இறங்கிக் கடல்பாசி எடுக்கும் பெண்கள் எங்கே போவார்கள்? விரலில் துணி சுற்றியும் பாறையில் கை கிழிகிறது, கண் எரிகிறது. எந்தப் பழங்குடிப் பட்டியலிலும் அவர்கள் இல்லையே.

பாம்பன்காரன்:
என் அம்மாவும் பாசி எடுத்தவர்தான் ஐயா. கரைக்கு வர மத்தியானம் தாண்டிவிடும், ஓ.பி. மூடியிருக்கும். காதில் சீழ் வந்தபோது எண்ணெய் காய்ச்சி ஊற்றி ஊற்றியே ஒரு காது போய்விட்டது. பட்டியல் மட்டும் போதாது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக நரிக்குறவருக்கும் வேண்டாம் என்பது எப்படி நியாயமாகும்? அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று பாசிக்குப் போகும் பெண்கள் தாங்களே கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த 12 நாளும் சாயங்காலம் ஓ.பி. வேண்டும், வாக்ரிபோலி தெரிந்த ஒருவருக்கு நிரந்தர வேலை வேண்டும் என்று மனு எழுதுகிறேன். கையெழுத்துப் போடுவீர்களா?

தொண்டி பெரியவர்:
இரண்டுக்கும் போடுகிறேன். தனி ஆணையம் என்று ஒரு வரி அதில் இருந்தாலும் போட மாட்டேன்.