கம்பைலர் கமென்ட்டுகளில் பழைய இஷ்யூ எண்கள்: அனுபவங்களைப் பகிருங்கள்

கோ நிரல்மொழியின் கம்பைலரில் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்), மதிப்புகளின் வகைகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் வகைச் சரிபார்ப்புப் பகுதியின் நிரலைப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பழைய கமென்ட்டுகளில் (நிரலுக்குள் படிப்பவர்களுக்காக எழுதும் குறிப்புகள்) ஒரு பிழையை அதன் இஷ்யூ எண்ணால் (பிழைப் பட்டியலில் அதற்குரிய பதிவெண்) சுட்டும்போது ஓரிடத்தில் வெறும் எண் இருக்கும், வேறோரிடத்தில் # குறியுடன் எண் இருக்கும், இன்னோரிடத்தில் கிட்ஹப்பின் (நிரலையும் பிழைப் பதிவுகளையும் வைத்திருக்கும் தளம்) முழு முகவரி இருக்கும். பின்னர் ‘கோ.டெவ்/இஷ்யூ/எண்’ என்ற ஒரே வடிவத்துக்கு இவை மாற்றப்பட்டன. அத்தகைய மாற்றம் ஒன்றைச் செய்யும் முன்பு இதை வெறும் ஒப்பனை வேலை என்றே நினைத்திருந்தேன். செய்யத் தொடங்கிய பிறகுதான் அதன் காரணம் விளங்கியது. கோ திட்டம் 2014 டிசம்பரில் கூகுள் கோடு என்ற பழைய தளத்திலிருந்து கிட்ஹப்புக்கு வந்தது. நல்லவேளையாக இஷ்யூ எண்கள் அப்படியே தக்கவைக்கப்பட்டன. ஆயினும் பழைய தளத்தின் முகவரியை முழுமையாக எழுதியிருந்த கமென்ட்டுகள் காலாவதியாகிவிட்டன. திட்டத்துக்குச் சொந்தமான குறுமுகவரியைப் பயன்படுத்தியவையோ, தளம் மாறியதை வாசிப்பவர் உணராதபடி இன்றும் சரியான இடத்துக்கே இட்டுச் செல்கின்றன.

தேடி மாற்றும் கட்டளையை மட்டும் நம்பி இதில் இறங்கக் கூடாது. கமென்ட் போலத் தோன்றும் எல்லாமே கமென்ட் அல்ல. இரு சாய்கோடுகளை அடுத்து ‘கோ:’ என்று தொடங்குபவை கம்பைலருக்கான ஆணைகள். சோதனைக் கோப்புகளில் ‘எரர்’ என்று தொடங்கும் கமென்ட்டுகள், கம்பைலர் தரவேண்டிய பிழைச் செய்தியோடு ஒப்பிடப்படுபவை என்பதால், அவற்றுக்குள் ஓர் எழுத்து மாறினாலும் சோதனை தோற்கக்கூடும். மேலும், நிலையான நூலகத்தில் உள்ள கோ/டைப்ஸ் கோப்புகளில் பல, கம்பைலரின் வகைச் சரிபார்ப்புப் பகுதியான டைப்ஸ்2-இன் கோப்புகளிலிருந்து தானாக உருவாக்கப்படுபவை. மூலத்தை விட்டுவிட்டு நகலைத் திருத்தினால் அடுத்த முறை உருவாக்கும்போது நம் திருத்தம் அழிந்துவிடும்.

மறுமொழி 1:
உங்களுக்கு எண்களாவது மாறாமல் கிடைத்தன, நண்பரே. எல்எல்விஎம் என்ற கம்பைலர் உருவாக்கத் திட்டத்தில் எங்கள் நிலை வேறு. அங்கே 2021 இறுதிவரை பக்ஸில்லா என்ற பிழைப் பதிவு மென்பொருள்தான் இருந்தது. கமென்ட்டுகளில் ‘பிஆர்’ (‘பிராப்ளம் ரிப்போர்ட்’, அதாவது பிழை அறிக்கை) என்ற இரண்டு எழுத்துகளோடு பக்ஸில்லா எண்ணைச் சேர்த்து எழுதுவது வழக்கம். கிட்ஹப்புக்கு மாறியபோது பழைய பிழைகளுக்குப் புது எண்கள் வந்தன. எனவே ஒருவர் ‘பிஆர்’ என்பதை நீக்கிவிட்டு # குறியை இட்டால், அந்த எண்ணில் கிட்ஹப்பிலும் ஏதோ ஒன்று இருக்கும், ஆனால் அது சம்பந்தமே இல்லாத வேறொரு பிழையாக இருக்கும். செத்த லிங்க் என்றால் திறந்தவுடனே தெரிந்துவிடும். இதுவோ ஒழுங்காகத் திறக்கும், எந்தச் சோதனையும் தோற்காது, ரிவியூ செய்பவரும் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கமாட்டார். 2023 செப்டம்பரில் பேட்ச்சுகளும் (நிரல் திருத்தங்கள்) ஃபேப்ரிகேட்டர் என்ற ரிவியூ தளத்திலிருந்து கிட்ஹப்புக்கு வந்த பின், ‘பிஆர்’ என்றால் புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) என்றே புதியவர்கள் கொள்கிறார்கள். நான் செய்வது இதுதான்: எல்எல்விஎம் தளத்தின் ‘பிஆர்’ குறுமுகவரியில் பழைய எண்ணை இட்டு, அது எந்தப் புது இஷ்யூவுக்குச் செல்கிறது என்று பார்த்து, தலைப்பையும் படித்த பிறகே கமென்ட்டைத் தொடுவேன்.

மறுமொழி 2:
இத்தகைய பெருமாற்றங்களால் கிட் பிளேம் (கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கட்டளை) பயனற்றுப்போகிறது என்று எங்கள் குழுவில் ஒருவர் கடுமையாக எதிர்த்தார். கமென்ட் மாற்றத்தைத் தனிக் கமிட்டாக (ஒன்றாகப் பதிவு செய்யும் மாற்றத் தொகுப்பாக) வைத்து, அதன் அடையாளத்தை ‘பிளேம்’ புறக்கணிக்க வேண்டிய கமிட்டுகளின் கோப்பில் சேர்த்தோம். கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு. அதன் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. சம்மதித்தாரா, சலித்துவிட்டாரா என்று நான் கேட்கவும் இல்லை.

தொடக்கப் பதிவர்:
தலைப்பைப் படிக்கச் சொன்னது மிகச் சரி. அப்படிப் படிக்கும்போது வேறொன்றும் தெரியவரும்: ‘இந்தப் பிழை தீர்ந்ததும் இந்த வரிகளை நீக்கவும்’ என்று கமென்ட் சொல்லும், இஷ்யூவோ பல ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டிருக்கும், தற்காலிக ஏற்பாடான நிரல் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் கையோடு நீக்கத் தோன்றும்தான். ஆனால் முகவரி திருத்தும் கமிட்டில் நிரலின் நடத்தையை மாற்றும் வரி ஒன்று கலந்துவிட்டால், ‘கமென்ட்டுகள் மட்டும்’ என்ற விளக்கத்தை நம்பி ரிவியூ செய்பவர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். ஆகவே அவற்றை நான் தனியாகக் குறித்துவைத்து, சோதனையுடன் கூடிய வேறு மாற்றமாகவே அனுப்புகிறேன்.