ஒரு லட்சம் பேர் பார்த்தார்களாம்: எத்தனை விநாடி?

பிறைக்காரன் | செவ்வாய், இரவு 9.05

வைரல் வேலன் தம்பி நேற்று இன்னொரு இழையில் எழுதியதை அப்படியே இங்கே எடுத்துப் போடுகிறேன்: "என் வாடிக்கையாளரின் பலகாரக் காணொளியை ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். தீபாவளிக்கு இன்னும் வானொலிக்கும் பத்திரிகைக்கும் விளம்பரம் கொடுக்கிறவர்கள் அந்தக் காசைப் பினாங்குப் பாலத்திலிருந்து கடலில் வீசலாம்."

படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. 19 வருடமாகப் பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் முறுக்கு சுட்டு விற்கிறேன். வானொலிக்கும் கொடுத்திருக்கிறேன், பத்திரிகைக்கும் கொடுத்திருக்கிறேன். கடலில் வீசியதாக எனக்கு நினைவில்லை.

ஒரு லட்சம் பேராம். முகநூலில் பல வருடம் ஒரு காணொளி மூன்று விநாடி ஓடினால் அது ஒரு பார்வை என்றுதான் எண்ணினார்கள். மூன்றே விநாடி. இன்று மாலை என் மகனைக் கைப்பேசியில் நேரம் பார்க்கச் சொல்லிவிட்டு, அச்சில் மாவை நிரப்பிப் பிழிந்தேன். ஒரு முறுக்கு சுற்றி முடிக்க ஆறு விநாடி. மூன்று தடவை பார்த்தாயிற்று, ஆறுதான். அதாவது, பாதி முறுக்கைப் பார்த்துவிட்டு விரலைத் தள்ளிவிட்டுப் போனவனும் தம்பியின் லட்சத்தில் ஒருவன். பாதி முறுக்கு பார்த்தவன் எனக்கு எப்படி வாடிக்கையாளன் ஆவான்?

வைரல் வேலன் | இரவு 9.31

வணக்கம் அண்ணே. என் பெயரைப் போட்டே இழையைத் தொடங்கியதற்கு நன்றி. இதற்கு நான் காசு கட்டவில்லை, பாருங்கள்.

ஒரு சின்ன விஷயம். நான் சொன்ன காணொளி முகநூலில் வந்ததே இல்லை. யூடியூப் ஷார்ட்ஸிலும் டிக்டாக்கிலும் வந்தது. அங்கே மூன்று விநாடிக் கணக்கு கிடையாது. நீங்கள் தொடங்கிய இடமே தவறு.

பிறைக்காரன் | இரவு 9.34

சரி, மூன்று இல்லை. அப்படியானால் எத்தனை? எண்ணைச் சொல்லுங்கள்.

வைரல் வேலன் | இரவு 9.40

ஒவ்வொரு தளமும் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கும் அண்ணே. இதையெல்லாம் இரண்டு வரியில் விளக்க முடியாது. பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வந்தால் தே தாரே (இழுத்து ஆற்றிய தேநீர்) வாங்கிக் கொடுத்துச் சொல்லித் தருகிறேன்.

தாமான் தம்பி | இரவு 9.42

தே தாரே வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். பூஜ்யம். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை, திரும்ப ஓடினால் இன்னொரு பார்வை. பழைய கணக்கு வேறு பெயரில் உள்ளே தனியாக இருக்கிறது. யூடியூப் காசு பிரித்துக் கொடுப்பது அந்தப் பழைய கணக்கை வைத்துத்தான், வெளியே தெரிகிற பெரிய எண்ணை வைத்து அல்ல.

இப்போது தொடருங்கள். கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன்.

பிறைக்காரன் | இரவு 9.45

பூஜ்யம்! கேட்டுக்கொள்ளுங்கள் எல்லோரும். மூன்று விநாடி என்று நான் சொன்னதே தம்பிக்குக் காட்டிய கருணை.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை போகிற வழியில் கடை போட்டிருந்தேன். இரவெல்லாம் ஜனம் என் கடையைத் தாண்டித்தான் போனது. அத்தனை தலையும் என் முறுக்கைப் "பார்த்தது" என்று கணக்கு எழுதியிருந்தால் இன்று நான் தான்ஸ்ரீ பட்டம் வாங்கிய பெரிய மனிதன்.

வைரல் வேலன் | இரவு 9.52

அண்ணே, முதலில் மூன்று என்று சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு பேசலாம்.

பிறைக்காரன் | இரவு 9.53

முகநூலில் மூன்றா இல்லையா?

வைரல் வேலன் | இரவு 9.53

நான் முகநூலைப் பற்றிப் பேசவே இல்லையே!

லெபோ பாசார் அக்கா | இரவு 10.10

இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். பார்வை வேறு, ஆள் வேறு. இன்ஸ்டாகிராமில் ஒரே ஆள் பத்துத் தடவை ஓடவிட்டால் பத்துப் பார்வை. எத்தனை ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது பக்கத்திலேயே தனி எண்ணாக நிற்கிறது. வேலன் தம்பி, உங்கள் ஒரு லட்சம் பார்வையா, ஆளா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், போதும்.

என் கதையையும் கேளுங்கள். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் எனக்குச் சேலைக்கடை. போன வருடம் ஒரு ரீல் 80,000 பார்வை போனது. வீட்டில் பாயசம் வைத்தோம். மறுநாள் உள்ளே போய் எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள் என்று பார்த்தால் சென்னை, கோயம்புத்தூர், மதுரை. பினாங்கு பட்டியலிலேயே இல்லை. ஒருவர் காஞ்சிபுரத்திலிருந்து விலை கேட்டார். அந்தச் சேலையை நானே காஞ்சிபுரத்திலிருந்துதான் சுமந்துவந்தேன். அவருக்கு என்ன பதில் சொல்ல?

வைரல் வேலன் | இரவு 10.21

அக்கா, உங்கள் அனுபவம்தான் எனக்குச் சாட்சி. இதற்காகத்தான் எல்லோரையும் டிக்டாக்குக்கு வரச் சொல்கிறேன். இந்தியாவில் 2020 ஜூன் மாதமே அதைத் தடை செய்துவிட்டார்கள். கோயம்புத்தூர்க்காரர் வந்து உங்கள் எண்ணிக்கையைக் கெடுக்க மாட்டார். தமிழில் போட்டால் இங்கேயும் சிங்கப்பூரிலும்தான் பெரும்பாலும் சுற்றும். அதே செயலியில் கடையும் இருக்கிறது. பார்க்கிற இடத்திலேயே வாங்கிவிடலாம். எந்த வானொலியில் இது முடியும்?

பிறைக்காரன் | இரவு 10.24

அக்கா கேட்டதற்குப் பதில் வரவில்லை. நான் கேட்டதற்கும் வரவில்லை. எத்தனை விநாடி?

பழைய அலைவரிசை | இரவு 10.40

இத்தனை நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். வானொலியை இழுத்ததால் வருகிறேன். வானொலி விளம்பரம் விற்றுத்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். காலை ஏழு மணிக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசலில் நிற்கிற தமிழர் காரில் என்ன ஓடுகிறது? மின்னல் எஃப்எம் அல்லது ராகா. அந்த நேரத்தில் விரலால் தள்ள முடியாது தம்பி, கை ஸ்டீயரிங்கில் இருக்கும்.

வைரல் வேலன் | இரவு 10.48

கை ஸ்டீயரிங்கில் இருக்கலாம் ஐயா, காது எங்கே இருக்கிறது? வானொலிக் கணக்கு எடுக்கிற விதம் உங்களுக்குத் தெரியாததா? சில ஆயிரம் பேரிடம் நாட்குறிப்பைக் கொடுத்து, எந்த நிலையத்தை எப்போது கேட்டாய் என்று எழுதச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து வாரம் முழுவதையும் யோசித்து எழுதுகிறவர் எத்தனை பேரோ! என் கணக்கிலாவது இயந்திரம் எண்ணுகிறது.

தமிழ் நேசன் பத்திரிகை 1924இல் தொடங்கி 2019 தொடக்கத்தில் நின்றது. விளம்பரம் வந்துகொண்டிருந்தால் ஏன் நிற்கிறது?

பழைய அலைவரிசை | இரவு 10.55

அந்தப் பெயரை உன் வியாபாரப் பேச்சுக்குள் இழுக்காதே. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிவிட்டு வந்து அந்தப் பத்திரிகையில்தான் எழுத்துக்கூட்டிப் படித்தார். மூடிய கடையைப் பார்த்துச் சிரிக்கிறவன் தன் கடையையும் ஒருநாள் பூட்ட வேண்டியிருக்கும்.

வைரல் வேலன் | இரவு 10.57

சிரிக்கவே இல்லை ஐயா. கேள்விதான் கேட்டேன்.

பிறைக்காரன் | இரவு 11.02

வானொலி விளம்பரம் 30 விநாடி. மூன்று அல்ல. பத்து மடங்கு.

இந்தத் தளங்களின் கணக்கு சுத்தம் என்று யாரும் சொல்ல வேண்டாம். விளம்பரக் காணொளிகளைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதைக் கூட்டிக் காட்டிவிட்டோம் என்று 2016இல் முகநூலே ஒப்புக்கொண்டது. ஏன் கூடியது தெரியுமா? மூன்று விநாடிக்குள் ஓடிப்போனவர்களை விட்டுவிட்டு மிச்சப் பேரை வைத்து வகுத்தார்கள். அந்த வழக்கு 2019இல் 4 கோடி டாலரில் முடிந்தது. அங்கேயும் அதே மூன்று விநாடி!

வைரல் வேலன் | இரவு 11.09

அது சராசரி நேரத்தில் வந்த கோளாறு அண்ணே, பார்வை எண்ணிக்கையில் அல்ல. இரண்டும் ஒன்றில்லை. தெரியாமல் எழுதுகிறீர்கள்.

பிறைக்காரன் | இரவு 11.11

தெரிந்துதான் எழுதுகிறேன், அதுவும் பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டு வருடத்துக்கு முன் கே.எல்.லிலிருந்து (கோலாலம்பூர்) ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். 800 வெள்ளியும் (ரிங்கிட்) 12 டப்பா முறுக்கும் கொடுத்தேன். கறுப்புக் கண்ணாடியோடு வந்து கேமரா முன்னால் ஒரு முறுக்கைக் கடித்தார். கடித்த மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். காணொளியில் பார்வை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கடைக்கு வந்தவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேர் பெர்ரிக்கு வழி கேட்டார்கள்.

வைரல் வேலன் | இரவு 11.15

அது நான் இல்லை.

பிறைக்காரன் | இரவு 11.15

நீங்கள் என்று நான் சொன்னேனா? கே.எல்.காரர் என்றேன்.

தாமான் தம்பி | இரவு 11.17

ஐயோ, கே.எல். என்றதும் எல்லோருக்கும் ஏன் வலிக்கிறது? நாங்களும் முறுக்கு சாப்பிடுகிறவர்கள்தான். செந்தூலில் கிடைக்கிற முறுக்கு பினாங்கு முறுக்கைவிட மெல்லிசு. சொன்னால் சண்டைக்கு வருவீர்கள்.

லெபோ பாசார் அக்கா | இரவு 11.20

வருவோம்.

செந்தூல் வாத்தியார் | இரவு 11.38

அன்பர்களே, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் யூடியூப், இன்ஸ்டாகிராம் என்றே எழுதுகிறீர்கள். வலையொளி, படவரி என்ற அழகான சொற்கள் நம் நாட்டில் புழக்கத்தில் இருக்கின்றன. முகநூலை மட்டும் தமிழில் எழுதுவது எந்த நியாயம்?

இன்னொன்று. பிறைக்காரன் ஐயா தொடக்கத்திலிருந்து "விநாடி" என்று எழுதிக்கொண்டிருக்கிறார். நம் முன்னோர் கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம். அதில் 60இல் ஒரு பங்குதான் விநாடி. ஆக ஒரு விநாடி என்பது 24 செகண்ட். அவர் சொல்ல வருவது நொடி.

வைரல் வேலன் | இரவு 11.41

வாத்தியார் ஐயா, உங்கள் காலைக் காட்டுங்கள். மூன்று விநாடி என்றால் 72 செகண்டா? ஒரு லட்சம் பேர் ஆளுக்கு 72 செகண்ட் என் காணொளியைப் பார்த்தார்கள் என்று பிறைக்காரன் அண்ணனே எழுதிக் கொடுத்துவிட்டார். சட்டம் போட்டு மாட்டப் போகிறேன்.

பிறைக்காரன் | இரவு 11.44

வாத்தியார் ஐயா, இங்கே நாழிகை வட்டிலை யாரும் கொண்டு வரவில்லை. கைக்கடிகாரத்தில் ஓடுகிற மெல்லிய முள் மூன்று தடவை "டிக்" என்று நகர்கிறதே, அந்த மூன்று. தமிழ்ப்பள்ளியில் எனக்கு விநாடி என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள்.

செந்தூல் வாத்தியார் | இரவு 11.50

அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

தாமான் தம்பி | இரவு 11.52

ஐயா, ஒரு சந்தேகம். வலையொளி என்றால் யூடியூப், வலையொலி என்றால் பாட்காஸ்ட். இரண்டையும் ஒரே மூச்சில் வாய்விட்டுச் சொல்லி எங்கள் வீட்டில் யாருக்காவது வித்தியாசம் புரிந்தால் நாளைக்கே மாறிவிடுகிறேன்.

செந்தூல் வாத்தியார் | இரவு 11.55

ளகர லகர வேறுபாடு நாவில் வராதது சொல்லின் குற்றம் அல்ல.

பழைய அலைவரிசை | புதன், காலை 6.50

இரவு தூங்கிவிட்டேன். வேலன் தம்பி கேட்ட கேள்விக்கு ஒரு வரி மட்டும். நாட்குறிப்பில் எழுதுகிறவனுக்கு நிலையத்தின் பெயராவது நினைவில் இருக்கிறது. நேற்று உன் கைப்பேசியில் தள்ளிய காணொளிகளில் ஒன்றின் பெயரைச் சொல், பார்க்கலாம்.

வைரல் வேலன் | காலை 8.15

பெயர் நினைவில்லை ஐயா. ஆனால் அதைப் பார்த்து ஒரு சட்டை வாங்கிவிட்டேன்.

லெபோ பாசார் அக்கா | காலை 8.30

நான் கேட்டது அப்படியே நிற்கிறது. பார்வையா, ஆளா?

வைரல் வேலன் | காலை 8.41

அக்கா, வாடிக்கையாளரின் விவரங்களைப் பொதுவில் சொல்வது தொழில் தர்மம் இல்லை.

பிறைக்காரன் | காலை 8.43

முந்தாநாள் "ஒரு லட்சம் பேர்" என்று பொதுவில் எழுதியபோது தர்மம் குளிக்கப் போயிருந்ததா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியே வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை. என் மகன் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு குழு வைத்திருக்கிறான். 212 பேர். எல்லோரும் பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம். எண்ணெய்ச் சட்டி இறங்கியதும் ஒரு படம் போடுவான். மத்தியானத்துக்குள் டப்பா காலி. அந்த 212இல் ஒவ்வொருவருக்கும் எனக்குப் பெயர் தெரியும், யாருக்குச் சர்க்கரை வியாதி என்பதும் தெரியும். ஒரு லட்சத்தில் தம்பிக்கு எத்தனை பேரின் பெயர் தெரியும்?

வைரல் வேலன் | காலை 8.58

அதைத்தானே அண்ணே நானும் சொல்கிறேன்! நீங்கள் செய்வதே சமூக ஊடகச் சந்தைப்படுத்தல்தான். வானொலிக்குக் காசு கொடுக்காமல் விற்றிருக்கிறீர்கள். நான் ஜெயித்துவிட்டேன்.

பிறைக்காரன் | காலை 9.01

என்ன ஜெயித்தீர்கள்? அந்தக் குழுவில் பாதிப் பேர் வானொலி விளம்பரத்தைக் கேட்டுவிட்டுக் கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கிச் சேர்ந்தவர்கள். மூன்று விநாடியில் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை.

பழைய அலைவரிசை | காலை 9.03

அப்படிப் போடுங்கள்.

வைரல் வேலன் | காலை 9.06

பாதிப் பேர் என்பதற்கு ஆதாரம்? யார் எண்ணியது? இயந்திரமா, நாட்குறிப்பா?

தாமான் தம்பி | காலை 9.20

தகவலுக்காக: இந்த இழைக்கு இதுவரை 1,140 பார்வை. எழுதுவது ஆறு பேர். பிறைக்காரன் அண்ணன் பதில் வந்ததா என்று எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பார் என்பதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரு முறுக்குக்கு ஆறு விநாடி ரொம்ப மெதுவு அண்ணே. கிள்ளானில் என் பாட்டி நான்கில் முடிப்பார். 81 வயது.

பிறைக்காரன் | காலை 9.24

எத்தனை சுற்று? மூன்று சுற்றா, நான்கு சுற்றா? சுற்றைச் சொல்லாமல் நேரத்தை மட்டும் சொல்வது வேலன் தம்பியின் வழக்கம். நீங்களுமா?

தாமான் தம்பி | காலை 9.26

மூன்று.

பிறைக்காரன் | காலை 9.26

என்னுடையது நான்கு. பாட்டியை நான்கு சுற்று சுற்றச் சொல்லுங்கள், பேசுவோம்.

லெபோ பாசார் அக்கா | காலை 9.40

அண்ணே, ஓமப்பொடி இருக்கிறதா? சனிக்கிழமை இரண்டு கிலோ வேண்டும்.

பிறைக்காரன் | காலை 9.42

இருக்கிறது அக்கா. நேரிலேயே வாருங்கள். முறுக்கு பிழிவதை முழுசாக ஆறு விநாடியும் நின்று பார்க்கலாம்.

வைரல் வேலன் | காலை 9.44

ஐந்தரைதான் இருக்கும். காணொளி எடுத்துப் போடுங்கள், எண்ணிச் சொல்கிறேன்.